இரண்டு பைகளின் பாட்டு

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, அதோடு பேச்சுகளின் நீளத்தையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் பெருமதிப்புக்குரிய கனகசபை ஐயா அவர்களே! முதுமையை முடியில் மட்டும் வைத்து, இளமையை முகத்தில் வைத்திருக்கும் முன்வரிசைப் பெரியோர்களே! வேலைத்தளத்தில் ஒரு வேலை, வீட்டில் ஒரு வேலை, இரண்டையும் முடித்து, அலுப்பை அந்த வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கும் அன்னையரே! நாடெங்கிலுமிருந்து நரம்பையும் தோலையும் குழலையும் தோளில் சுமந்து வந்திருக்கும் இசைவாணர்களே! 'இந்த மனிசன் எப்ப முடிப்பார்' என்று பின்வரிசையில் டேனிஷ் மொழியில் கேட்டுக்கொண்டிருக்கும் இளைய தலைமுறையே! தமிழ் தெரியாமலே இந்தத் தமிழ் அவைக்கு வந்து, எங்களுக்கு நடுவே அமர்ந்திருக்கும் சோமாலிய நண்பர்களே, டேனிய நண்பர்களே! அனைவருக்கும் என் இரு கைகூப்பிய வணக்கம்.

என் பெயர் குலேந்திரன். சில்க்போர்க் நகரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் இயக்குகிறவன். சனி, ஞாயிறுகளில் கீபோர்ட் வாசிக்கிறவன். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பாதிப்பேரின் கலியாணத்தில் நான் வாசித்திருக்கிறேன். மீதிப்பேரின் பிள்ளைகளுடைய சாமத்திய வீட்டில், பூப்புனித விழாவில், வாசித்திருக்கிறேன். அங்கே யாரோ சிரிக்கிறீர்கள். ஓம் தங்கச்சி, உங்கள் கலியாணத்தன்று மின்சாரம் நின்றுபோனது என் பிழையில்லை!

ஆனால் இன்று நான் வாசிக்க வரவில்லை, பேச வந்திருக்கிறேன். பேசவும் எனக்குப் பெரிதாகத் தெரியாது. நடந்ததைச் சொல்லத் தெரியும். இன்று இந்த புரொண்பி நகர மண்டபத்தில், நாற்பத்தொரு இசைக்கலைஞர்கள் ஒன்றாகச் சேர்ந்து நிறவெறிக்கு எதிரான பாடல்களைப் பாடப்போகிறோம். இது எங்கே தொடங்கியது என்று பலர் என்னைக் கேட்டார்கள். மாநாட்டிலா தொடங்கியது? மன்றத்திலா தொடங்கியது? மாபெரும் தலைவர் ஒருவரின் மனதிலா தொடங்கியது? இல்லை, அன்பர்களே. ஒரு முதியோர் இல்லத்தின் சாப்பாட்டு மேசையில் தொடங்கியது.

என் மூத்த மகள் அபிதா. இருபத்தாறு வயது. சில்க்போர்க்கில் பிறந்தவள். எங்கள் இசைக்குழுவின் பாடகி. கிழமை நாட்களில் முதியோர் பராமரிப்பு வேலை. எந்த இல்லம் என்று சொல்லமாட்டேன். அங்கே நல்லவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களின் பெயரைக் கெடுக்க நான் வரவில்லை. அங்கே அபிதாவோடு ஒன்றாக வேலை செய்தவள் ஹோதன். சோமாலியப் பெற்றோரின் மகள். அவளும் இந்த நாட்டில் பிறந்தவள்தான். ஒரே வயது, ஒரே வேலை, ஒரே சீருடை. உடைமாற்றும் அறையில் இருவரின் பையும் தொங்குவது ஒரே ஆணியில்.

சென்ற ஆண்டு மே மாதம். அந்த இல்லத்தில் வாழும் ஒரு வயோதிப அம்மாவின் மோதிரத்தைக் காணவில்லை. மறதி நோய் உள்ளவர். காலையில் விரலில் இருந்த மோதிரம் மத்தியானத்தில் இல்லை. அன்று காலை அந்த அறைக்குள் போய்வந்த பணியாளர்கள் ஐந்து பேர். ஐந்து பேர்! அதில் என் மகளும் ஒருத்தி.

பொறுப்பாளர் என்ன செய்தார்? ஐந்து பேரையும் அழைத்தாரா? ஐந்து பேரிடமும் கேட்டாரா? ஐந்து பைகளையும் திறந்தாரா? இல்லை! ஹோதனின் பையை மட்டும் எடுத்துவரச் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். இருபது முதியவர்கள் கரண்டியோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால், அந்தச் சாப்பாட்டு மேசையில், அந்தப் பையைக் கொட்டினார்கள். பேருந்து அட்டை, ஒரு சீப்பு, பாதி சாப்பிட்ட பிஸ்கட், பெண்ணொருத்தி தன் பையில் வைத்திருக்கும், மற்றவர் பார்க்கக்கூடாத பொருட்கள். மோதிரம் இல்லை. இல்லாவிட்டாலும் என்ன? 'நீ வீட்டுக்குப் போ, பிறகு அழைக்கிறோம்' என்று அனுப்பிவிட்டார்கள்.

அபிதா கதவருகில் நின்றிருக்கிறாள். வேலை முடிந்து புறப்பட்டவள், அவளுடைய பை அவளுடைய தோளில். பொறுப்பாளர் அவளைப் பார்த்துச் சிரித்து, "நீ பயப்படாதே. உங்களைப் பற்றி எங்களுக்குத் தெரியும். தமிழர்கள் வித்தியாசமானவர்கள்" என்றாராம்.

கேட்டீர்களா! அது பாராட்டு. நமக்குக் கிடைத்த பாராட்டு. இந்த நாட்டில் முப்பது, நாற்பது ஆண்டுகளாக நாம் குனிந்து, பணிந்து, உழைத்து, ஓடிச் சேர்த்த பாராட்டு. அந்தப் பாராட்டைத் தோளில் போட்டுக்கொண்டு என் மகள் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்று அழுதாள்.

அன்னையரே, பெரியோர்களே, அப்போது தகப்பன் என்ன சொன்னான்? அதைச் சொல்லத்தான் நான் இரண்டு கடலைத் தாண்டி, பாலம் கடந்து இங்கே வந்திருக்கிறேன். ஆபிரிக்க மக்களைப் பற்றி நம்மவர்கள் வீட்டுக்குள் மட்டும் சொல்லும் ஒரு சொல் இருக்கிறது. உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். இந்த ஒலிவாங்கியில் அதை நான் சொல்லமாட்டேன். ஆனால் அன்று என் வீட்டு வரவேற்பறையில் சொன்னேன். "அவையளின்ரை அலுவலிலை நீ தலையிடாதை. அவளின்ரை பையைப் பாத்தவை எண்டால் ஏதும் காரணம் இருக்கும். எங்களுக்கு இஞ்சை நல்ல பெயர் இருக்கு. அதைக் கெடுக்காதை" என்றேன். அந்தச் சொல்லையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

என் மகள் எப்போதும் எனக்கு டேனிஷில்தான் பதில் சொல்வாள். நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் சொல்வாள். உங்கள் வீடுகளிலும் அதே கதைதானே? ஆனால் அன்று அவள் தமிழில் பேசினாள்.

"அப்பா, ஏன் என்ரை பையைப் பாக்கேல்லை எண்டு நீங்கள் கேக்கேல்லை."

நான் முகத்தைத் திருப்பினேன். அவள் விடவில்லை.

"கொழும்பிலை பஸ்ஸாலை இறக்கி உங்கடை பையை றோட்டிலை கொட்டினவங்கள் எண்டு எத்தினை தரம் சொல்லியிருக்கிறியள்? அண்டைக்கு அந்த பஸ்ஸுக்குள்ளை இருந்த மற்றச் சனமும் இப்பிடித்தானே நினைச்சிருக்கும், ஏதும் காரணம் இருக்கும் எண்டு?"

சபையோரே! எனக்குப் பத்தொன்பது வயது. கொழும்பு சோதனைச் சாவடி. அறுபது பேர் இருந்த பேருந்து. அடையாள அட்டையைப் பார்த்து என்னை மட்டும் இறக்கினார்கள். என் பையை மட்டும் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். அம்மா கட்டித்தந்த சாப்பாடும் உள்ளாடையும் தார் வீதியில் கிடந்தன. பேருந்து யன்னல்களில் வரிசையாக முகங்கள். ஒரு முகமாவது பேசியதா? ஒரு வாயாவது திறந்ததா? அந்த முகங்களை முப்பத்தாறு ஆண்டுகளாக நான் மன்னிக்கவில்லை. அன்று என் மகள் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது: அந்த யன்னலில் இப்போது இருந்தது என் முகம்!

(தலைவர் ஐயா தண்ணீர் தருகிறார். நன்றி ஐயா. நேரம் முடிந்ததென்று துண்டுச் சீட்டுத் தருகிறார் என்று நினைத்துப் பயந்துவிட்டேன்.)

பதினொரு நாட்களுக்குப் பிறகு மோதிரம் கிடைத்தது. எங்கே? அந்த இல்லத்துச் சலவை இயந்திரத்தின் வடிகட்டியில். அந்த அம்மாவின் மேலங்கிப் பைக்குள் இருந்து போயிருக்கிறது. உடனே பொறுப்பாளர் ஹோதனைத் தொலைபேசியில் அழைத்து, "தவறான புரிந்துணர்வு. திங்கட்கிழமை வேலைக்கு வரலாம்" என்றார். ஒரு நிமிடமும் ஆகவில்லையாம் அந்த அழைப்பு.

ஹோதன் போகவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "இருபது பேருக்கு முன்னால் கொட்டினீர்கள். என் காதுக்குள் மட்டும் வருத்தம் சொன்னால் எப்படி? அதே அறையில், அதே ஆட்களுக்கு முன்னால் சொல்லுங்கள்." அது முடியாது என்றார்கள். முதியவர்கள் குழம்பிவிடுவார்களாம்! பையைக் கொட்டும்போது குழம்பாத முதியவர்கள், மன்னிப்புக் கேட்டால் குழம்பிவிடுவார்களாம்!

அந்தக் கிழமை அபிதா என்னைக் கூட்டிக்கொண்டு ஹோதனின் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவர் அவளுடைய அண்ணன் லீபான். அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார், பச்சைச் சட்டை. ஓகூஸ் நகரில் பேருந்து ஓட்டுகிறார். தேநீர் தந்தார்கள், ஏலக்காய் போட்ட தேநீர். நான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த உடைந்த டேனிஷில், "உங்களைப் பற்றி என் வீட்டில் ஒரு கெட்ட சொல் சொன்னேன். அதற்காக வந்திருக்கிறேன்" என்றேன்.

லீபான் என்னைப் பார்த்தார். அபிதாவைப் பார்த்தார். பிறகு, "கவலைப்படாதீர்கள். உங்களைப் பற்றி எங்கள் வீட்டிலும் ஒரு சொல் இருக்கிறது" என்றார்.

அதைக் கேட்டு அவர் சிரித்தார், நான் சிரித்தேன். ஹோதன் மட்டும் சிரிக்கவில்லை. "நீங்கள் இரண்டு பேரும் சிரிக்கலாம். அந்த மேசையில் யாரும் உங்கள் பையைக் கொட்டவில்லை" என்றாள். நான் கோப்பையைக் கீழே வைத்தேன். அப்போது அபிதா தன் தொலைபேசியை எடுத்து, அதில் எழுதி வைத்திருந்த நான்கு வரிகளை வாசித்தாள். முதலில் டேனிஷில். பிறகு எனக்காகத் தமிழில்.

'இரண்டு பைகள் ஒரே ஆணியில் தொங்கின.
ஒன்றைக் கொட்டினார்கள், ஒன்றைத் தொடவில்லை.
தொடாத பைக்குச் சொந்தக்காரி நான்,
சொல்லாமல் நின்றவளும் நான்.'

சுவரில் ஒரு நரம்பு வாத்தியம் தொங்கியது. ஊத் என்று சொல்வார்கள். பாதிப் பூசணிக்காயில் கழுத்து முளைத்தது போலிருக்கும். லீபான் அதை எடுத்து மடியில் வைத்து, அந்த வரிகளுக்குக் கீழே மெதுவாக ஒரு மெட்டை ஓடவிட்டார். என் விரல்கள் என் முழங்காலில் தானாக அசைந்தன. கீபோர்ட் அங்கே இல்லை, பாருங்கள்! அப்படிப் பிறந்தது அந்தப் பாட்டு.

ஆனால் ஒரு பாட்டு பிறப்பது எளிது, வளர்ப்பதுதான் வேலை. எங்களுக்குத் தாளம் வேண்டும். எங்கள் மிருதங்கக்காரர், 'அண்ணை, எனக்கேன் இந்தப் பிரச்சினை' என்று நகர்ந்துவிட்டார். தேடியபோது கிடைத்தவர் கதிர். தமிழ்நாட்டுத் தம்பி, ஓகூஸில் கணினிப் பொறியாளர், கஞ்சிரா வாசிப்பதில் கெட்டிக்காரர். விடயத்தைச் சொன்னேன். தம்பி தயங்கினார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எல்லாரும் இந்த ஊர் பாஸ்போர்ட். எனக்கு வேலை போச்சுன்னா விசாவும் போச்சு. பையன் இப்பத்தான் ஸ்கூல் சேந்திருக்கான்."

தப்பாக எடுக்கவில்லை, சபையோரே. அவருடைய பயம் உண்மையான பயம். நான் தோளில் தட்டிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை ஒத்திகை தொடங்கிய பத்தாவது நிமிடம், கதவைத் தள்ளிக்கொண்டு கஞ்சிராவோடு வந்து நிற்கிறார்!

"என் வொய்ஃப் பூர்ணாதான் சார் அனுப்பினா. 'வாசிக்கப் பயமா இருந்தா அதை எதுக்கு வீட்ல வெச்சிருக்க, யாருக்காவது குடுத்துடு'ன்னுட்டா."

அந்தப் பூர்ணா அம்மையார் எங்கே? அதோ! எழுந்து நில்லுங்கள் அம்மா, இந்தச் சபை உங்கள் முகத்தைப் பார்க்கட்டும்! (கைதட்டுங்கள், கைதட்டுங்கள்.)

வந்தவர் முதல் நாளே லீபானோடு சண்டை. "அட, இது அப்படியே மோகனம் ராகம் மாதிரி இருக்குங்க!" என்றார் கதிர். "இல்லை, இது எங்கள் ஊர்ப் பாட்டு" என்றார் லீபான். அரை மணி நேரம் வாக்குவாதம். இரண்டிலும் ஐந்தே சுரங்கள். யாருடையது என்று கடைசிவரை முடிவாகவில்லை. ஆனால் சண்டை முடிந்தபோது பாட்டு இரண்டு மடங்கு வேகமாகியிருந்தது!

எங்கள் ஒத்திகை நகரப் பண்பாட்டு இல்லத்தின் கீழ்த்தள அறையில். எங்களுக்கு முன்னால் அதே அறையில் மூத்தோர் பாடகர் குழு ஒன்று பாடும். டேனியர்கள், எல்லோரும் எழுபதைத் தொட்டவர்கள். அதை நடத்துபவர் கீர்ஸ்டன் அம்மையார். அக்கோடியன் என்ற துருத்தி வாத்தியம் வாசிப்பவர். ஆறு ஆண்டுகளாக அந்த ஒடுங்கிய நடைபாதையில் நாங்கள் சந்தித்திருக்கிறோம். அவர்கள் வெளியே வருவார்கள், நாங்கள் உள்ளே போவோம். 'ஹை' என்போம். 'ஹை' என்பார்கள். ஆறு ஆண்டுகளில் அந்த ஒரே எழுத்துக்கு மேலே நாங்கள் போகவில்லை! ஒரு நாள் அந்த அம்மா கதவில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாட்டு முடிந்ததும், "அந்தப் பையைக் கொட்டியது எங்கே நடந்தது?" என்று கேட்டார். ஹோதன் சொன்னாள். அம்மையார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என் கணவர் கடைசி இரண்டு ஆண்டு அப்படி ஓர் இல்லத்தில்தான் இருந்தார். அவரைக் குளிப்பாட்டியவர்களில் பாதிப்பேர் உன்னைப் போன்ற பிள்ளைகள்" என்றார். அன்றிலிருந்து எங்கள் ஒத்திகைக்கும் இருந்துவிட்டுத்தான் போவார்.

ஆகஸ்ட் மாதம் ஏரிக்கரைப் பூங்காவில் ஒரு கோடை விழா. ஆண்டுதோறும் தமிழர்களை அழைப்பார்கள். நாங்களும் போவோம். பட்டுச் சேலை கட்டுவோம், றோல்ஸும் வடையும் கொடுப்போம், ஒரு பாட்டுப் பாடுவோம், கைதட்டு வாங்கி வருவோம். இந்த முறை இந்தப் பாட்டைப் பாடுவோம் என்று எழுதிக் கொடுத்தேன்.

முதல் எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? எங்கள் சங்கத்திலிருந்து! எங்கள் சங்கத் தலைவர் குணசேகரம் அண்ணை இதே அரங்கில் இருக்கிறார். சொல்லலாமா அண்ணை? 'ஓம், சொல்லு' என்று கையைக் காட்டுகிறார். சொல்கிறேன். அவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"குலேந்திரன், மோதிரம் கிடைச்சிட்டுதெல்லே? பிறகேன் பாட்டு?"

"அண்ணை, கிடைக்காமல் போயிருந்தால்? அந்தப் பிள்ளை சீவியம் முழுக்கக் கள்ளியோ?"

"அது அவையின்ரை பிரச்சினை. நாங்கள் இஞ்சை ஒருத்தரோடையும் கொளுவாமல் இருக்கிறம்."

"ஓம் அண்ணை, ஒருத்தரோடையும் கொளுவேல்லை. ஒருத்தருக்காகவும் கதைக்கவும் இல்லை."

அண்ணை தேநீரைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார். மூன்று கிழமை என்னோடு பேசவில்லை.

இரண்டாவது எதிர்ப்பு விழாக் குழுவிடமிருந்து. ஓர் இளைஞர், மிகவும் மரியாதையாகப் பேசினார். "உங்கள் நிறங்கள் எங்களுக்குப் பிடிக்கும். உங்கள் சாப்பாடு எங்களுக்குப் பிடிக்கும். இந்தப் பாட்டு மட்டும் வேண்டாம். குடும்பங்கள் சந்தோஷமாக இருக்க வருகிறார்கள். வேறு பாட்டுப் பாட முடியுமா?"

இந்த நாட்டுக்கு வந்து நான் படித்த முதல் டேனிஷ் சொல் 'தக்'. நன்றி. இரண்டாவது சொல் 'யா'. ஓம். இந்த இரண்டு சொல்லோடு முப்பத்தொரு ஆண்டுகள் ஓட்டிவிட்டேன், பெரியோர்களே! வேலையில் யா. வீட்டுக்காரனிடம் யா. கூடுதல் நேரமா, யா. விடுமுறை இல்லையா, யா. அன்றைக்கு அந்த இளைஞரின் முகத்தைப் பார்த்து மூன்றாவது சொல்லைச் சொன்னேன். 'நை'! இல்லை! மாட்டேன்!

எங்கள் பெயரை நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். கதிர் கஞ்சிராவைப் பைக்குள் வைத்தார். அப்போது கீர்ஸ்டன் அம்மையார், தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எங்கள் குழுவுக்கு மூன்று மணிக்கு இருபது நிமிடம் தந்திருக்கிறார்கள். அந்த இருபது நிமிடத்தில் யாரோடு பாடுவது என்பதை நாங்கள்தான் முடிவு செய்வோம். எனக்கு அந்தத் தமிழ் வரிகளை எழுதித் தாருங்கள்" என்றார்.

அரங்கத்தீரே! இருபத்திரண்டு டேனிய முதியவர்கள், டேனிஷ் எழுத்தில் எழுதிய தமிழை வைத்துக்கொண்டு 'சொந்தக்காரி நான், சொந்தக்காரி நான்' என்று சொல்லிப் பழகிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! ஒருவர் 'சுந்தக்கரி' என்றார். இன்னொருவர் 'சாந்தக்காரி' என்றார். பிழைதான். ஆனால் இந்தப் பிழைக்கு முன்னால் என் முப்பத்தொரு ஆண்டு டேனிஷ் வெட்கப்பட வேண்டும். அவர்கள் இரண்டு கிழமையில் என் மொழியின் ஒரு பாட்டைப் பாடமாக்கினார்கள்!

விழா நாள். மூன்று மணி. நல்ல வெயில். வெள்ளைத் தலைகள் இருபத்திரண்டு மேடை ஏறின. அவர்களுக்கு நடுவே கறுப்புத் தலைகள் ஐந்து ஏறின. விழாக் குழு இளைஞர் கீழே நின்று பார்த்தார். தடுக்கவில்லை. யாரைத் தடுப்பார்? தன் ஊர்த் தாய்மாரையா தடுப்பார்?

பாட்டுக்கு முன் அபிதா ஒலிவாங்கியை எடுத்து நடந்ததைச் சொன்னாள். யாருடைய பெயரையும் சொல்லவில்லை. "அன்று நான் கதவருகில் நின்றேன். என் பை என் தோளில் இருந்தது. என்னுடையதையும் பாருங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை" என்றாள்.

கூட்டத்திலிருந்து ஓர் ஆள், "பிடிக்காவிட்டால் வீட்டுக்குப் போ!" என்று கத்தினார்.

அபிதா அந்தப் பக்கம் திரும்பி, "பாட்டு முடிந்ததும் போவேன். ஆறாம் இலக்க பஸ். எட்டு நிமிடத்தில் என் வீடு. நான் பிறந்த ஊர் இது" என்றாள்.

சிரித்தார்கள், சபையோரே! ஏரிக்கரையே சிரித்தது! கத்தியவரும் சிலரும் எழுந்து போனார்கள். போகட்டும். மற்றவர்கள் இருந்தார்கள். பாட்டுத் தொடங்கியது. ஊத் முன்னே போக, கஞ்சிரா பின்னே வர, அக்கோடியன் அகலமாக விரிய, என் கீபோர்ட் எல்லோரையும் தாங்க, ஹோதன் சோமாலிய மொழியில் இரண்டு வரி, அபிதா டேனிஷில் இரண்டு வரி, பிறகு இருபத்தேழு குரல்களும் தமிழில்! தமிழில்! அந்தச் சின்ன ஊரின் ஏரித் தண்ணீர் அதுவரை கேட்டிராத தமிழில்!

மூன்றாம் முறை பல்லவி வந்தபோது புல்வெளியிலிருந்து ஒரு டேனியப் பெண் எழுந்தார். ஐம்பது வயதிருக்கும். நேரே மேடைக்கு முன்னால் வந்து நின்று, அழுதபடி, "என் பையையும் திறக்கவில்லை" என்றார். அன்று காலை அந்த அறைக்குள் போன ஐந்து பேரில் ஒருவர்! அவர் பின்னால் இன்னொரு பெண் வந்தார். "என்னுடையதையும்தான்." ஹோதன் பாட்டை நிறுத்திவிட்டாள். மேடையிலிருந்து இறங்கி அவர்களுக்கு முன்னால் நின்றாள். அணைக்கவில்லை, சபையோரே. கைகொடுக்கவும் இல்லை. "அப்படியென்றால் திங்கட்கிழமை என்னோடு அந்த இல்லத்துக்கு வந்து அதைச் சொல்லுங்கள்" என்றாள்.

வந்தார்கள்! தொழிற்சங்கப் பிரதிநிதியும் வந்தார். அந்த இல்லத்துப் பணியாளர்கள் பதினான்கு பேர், ஹோதனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற மனுவில் கையெழுத்து வைத்தார்கள். இரண்டு மாதம் பேச்சுவார்த்தை நடந்தது. அக்டோபர் மாதம் ஒரு மத்தியானம், அதே சாப்பாட்டு அறையில், அதே இருபது முதியவர்களுக்கும் அத்தனை பணியாளருக்கும் முன்னால், அந்தப் பொறுப்பாளர் எழுந்து நின்று, ஹோதனின் முழுப் பெயரைச் சொல்லி, தான் செய்தது பிழை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். மோதிரத்தின் சொந்தக்கார அம்மா, "இன்றைக்கு யாருக்குப் பிறந்தநாள்?" என்று கேட்டாராம். "எனக்கு" என்றாளாம் ஹோதன். அந்த அம்மா கைதட்டினாராம்.

இனி அங்கே ஒருவரின் பையைத் திறப்பதென்றால் எல்லோருடைய பையையும் திறக்க வேண்டும், இல்லையென்றால் யாருடையதையும் திறக்கக்கூடாது என்று எழுத்தில் வைத்திருக்கிறார்கள். ஹோதன் திரும்பிப் போய், மூன்று மாதம் அங்கே தலைநிமிர்ந்து வேலை செய்துவிட்டு, தன் விருப்பத்தில் விலகினாள். இப்போது ஓகூஸில் தாதியாவதற்குப் படிக்கிறாள்.

பாட்டு என்ன செய்யும் என்று கேட்டவர்களே! பாட்டு சட்டம் எழுதாது. பாட்டு தீர்ப்புச் சொல்லாது. ஆனால் புல்வெளியில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களை எழுப்பியதே, அது எது? ஆறு ஆண்டுகளாக 'ஹை' மட்டும் சொன்ன இருபத்திரண்டு பேரின் வாயில் தமிழை வைத்ததே, அது எது? எங்கள் குணசேகரம் அண்ணை அன்று விழாவுக்கு வந்து ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று கேட்டவர். இன்று சில்க்போர்க்கிலிருந்து இந்த ஒலிபெருக்கிகளைத் தன் வண்டியில் ஏற்றி, மூன்று மணி நேரம் தானே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அவரை ஓடவைத்தது எது?

அதனால்தான் இசைவாணர்களே, உங்களைக் கூவி அழைத்தோம்! கலியாணத்துக்கு வாசித்த கைகளே, கோயில் திருவிழாவுக்கு வாசித்த கைகளே, இனி நீதிக்கும் வாசியுங்கள்! நமக்காக மட்டும் பாடினால் போதுமா? நாம் தப்பினால் போதுமா? 'நீங்கள் வித்தியாசமானவர்கள்' என்ற சொல்லில் நாம் குளிர்காய்ந்தது போதாதா? இன்று நாற்பத்தொரு பேர். அடுத்த ஆண்டு நானூறு பேராகட்டும்! தவில் வரட்டும், ஊத் வரட்டும், அக்கோடியன் வரட்டும், பள்ளிக்கூடத்தில் புல்லாங்குழல் பழகும் பிள்ளைகள் வரட்டும்! எவருடைய பை கொட்டப்பட்டாலும் அங்கே ஒரு பாட்டு எழட்டும்!

முடிக்கப்போகிறேன் ஐயா. ஒரே ஒரு கடமை பாக்கி.

ஹோதன் எனக்குக் கற்றுத் தந்த ஒன்று உண்டு. எங்கே அவமதித்தாயோ அங்கே நின்று மன்னிப்புக் கேள். நான் அவளுடைய வீட்டில் டேனிஷில் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் நான் அந்தச் சொல்லைச் சொன்னது டேனிஷிலா? அவளுடைய வீட்டிலா? இல்லையே! தமிழில் சொன்னேன். தமிழர்களுக்கு நடுவே, கலியாண வீடுகளில், கார் ஓட்டும்போது, சிரித்துச் சிரித்து ஆண்டாண்டாகச் சொன்னேன். அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் சிலர் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். ஆகவே என் மன்னிப்பும் தமிழில், தமிழர்களுக்கு முன்னால்தான் இருக்க வேண்டும்.

அபிதா ஹோதனுக்குப் பக்கத்தில் இருந்து நான் பேசுவதையெல்லாம் காதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறாள். இதையும் சொல்லு, பிள்ளை. மெதுவாகச் சொல்லு.

ஹோதன், உன் மக்களை நான் இழிவாகச் சொன்னேன். அது பிழை. காரணம் எதுவும் சொல்லமாட்டேன். இந்தச் சபை அறிய, என் மொழியில், உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

...எழுந்து நிற்கிறாள். தலையை அசைக்கிறாள். நெஞ்சில் கையை வைத்திருக்கிறாள். எனக்கு இது போதும், இனி எந்தப் பொன்னாடையும் வேண்டாம்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், கண்ணீரைச் சேலைத் தலைப்பால் துடைக்கும் அன்னையருக்கும், நேரத்தை அள்ளித் தந்த தலைவர் அவர்களுக்கும், கடைசிவரை வெளியே போகாமல் நின்ற பின்வரிசைப் பிள்ளைகளுக்கும் என் நெஞ்சின் நன்றி. லீபான், கதிர், கீர்ஸ்டன் அம்மா, மேடைக்கு வாருங்கள். உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். நான் என் கீபோர்டுக்குப் போகிறேன்.